கலியபெருமாளின் நடுப்புள்ளி

போன மாதம் எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டம் கடைவீதியில் ஒரு மாடி அறையில் நடந்தது. நான் சீக்கிரமே போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்தவர்களிடம், "ராமலிங்கம் வர்றாரு. இடது கையில கனமா என்னமோ இருக்குது" என்றேன். கதவு திறந்தது. ராமலிங்கம்தான். இடது கையில் பெரிய டீ ஃபிளாஸ்க்.

அடுத்து வந்த இரண்டு பேரையும் பார்க்காமலே சொன்னேன். மூன்றாவது ஆளைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருந்தார். அது எனக்குத் தெரியாது. ஆனாலும் கூட்டத்தில் இருந்த இளையவர்கள் விடவில்லை. இளையவர்கள் என்றால் அறுபதைத் தாண்டியவர்கள்தான். டெலிபோன் கேபிளிலும் இன்டர்நெட்டிலும் வேலை பார்த்தவர்கள். தந்திக் கருவியை அவர்கள் தொட்டதில்லை. "அக்கா, இது என்ன வித்தை? நம்ம சங்க மலருக்கு எழுதிக் குடுங்க" என்றார் செயலாளர்.

வித்தை ஒன்றுமில்லை. முகம் தெரியாத மனிதர்களோடு நாள் முழுக்கப் பேசுகிற வேலையில் பல வருஷம் இருந்தேன். அதில் வந்த பழக்கம்.

எனக்கு ஊர் கருவேப்பிலங்குறிச்சி. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பரீட்சை எழுதி, தந்தி இலாகாவில் வேலை கிடைத்தது. சென்னையில் பயிற்சி. தந்தி பாஷையில் எல்லா எழுத்தும் புள்ளியும் கோடும்தான். புள்ளிக்குக் 'கட்', கோட்டுக்குக் 'கடா' என்று தூக்கத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருப்பேனாம். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி தலையணையால் அடிப்பாள். பயிற்சியைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையான படிப்பு விருத்தாசலம் தந்தி ஆபீசில்தான் ஆரம்பித்தது.

அங்கே மாஸ்டர் சதாசிவம் சார். தந்தி மாஸ்டர் என்பது பதவியின் பெயர். ஒல்லியான மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, காதுமடலில் பென்சில். காலையில் வந்ததும் ஒரு துண்டு வழவழப்பான காகிதத்தை, தந்தி தட்டுகிற கீயின் இரண்டு உலோக முனைகளுக்கும் நடுவில் விட்டு, மெதுவாக இழுத்து, அழுக்கைத் துடைப்பார். பிறகு சவுண்டருக்குப் பின்னால் செருகியிருக்கும் பவுடர் டப்பாத் தகரத்தைச் சரி செய்வார். சவுண்டர் என்பது கம்பியில் வரும் தந்தியைச் சத்தமாக்கித் தருகிற சின்ன இயந்திரம். தகரம் சரியாக நின்றால்தான் அந்தச் சத்தம் காதில் தெளிவாக விழும். எல்லாம் முடிந்ததும் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். உள்ளே வருகிறவர்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார். "வா ராமலிங்கம், மூணு தந்தி இருக்குது" என்பார். ராமலிங்கம் அப்போது தந்தியைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிற மெசஞ்சர்.

எங்கள் கம்பியில் ஆறு ஊர்கள். சேத்தியாத்தோப்பில் தட்டினால் திட்டக்குடியிலும் கேட்கும், எங்களுக்கும் கேட்கும். எந்த ஊரைக் கூப்பிடுகிறோமோ அதன் குறியை மூன்று முறை தட்டி, நம் குறியைத் தட்ட வேண்டும். அவர்கள் பதில் சொன்னதும் தந்தியின் எண், எத்தனை வார்த்தை, நேரம், விலாசம், விஷயம் என்று வரிசையாக அனுப்ப வேண்டும். கடைசியில் நம் பெயரின் முதலெழுத்துகள். வாங்கியவர் வார்த்தைகளை எண்ணிப் பார்த்து, சரியாக இருந்தால் 'ஆர்' என்று ஒப்புக்கொண்டு தன் முதலெழுத்துகளைத் தட்டுவார். எண்ணிக்கை இடித்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மரியபுஷ்பம் என்பதால் நான் 'எம்.பி.'

சேர்ந்த இரண்டாம் வாரம் ஒரு தந்தி வந்தது. "மதர்" என்று எழுதினேன். அடுத்து 'ஈ', 'எக்ஸ்', 'பி' என்று வந்தது. என் பென்சில் சவுண்டருக்கு முன்னால் ஓடி "எக்ஸ்பயர்ட்" என்று எழுதிவிட்டது. எத்தனை சாவுத் தந்தி எழுதியிருப்பேன் அதற்குள்! பின்னாலிருந்து ஒரு கை வந்து என் பென்சிலைப் பிடித்தது. மாஸ்டர்.

"காது கேட்டத எழுது. மனசு சொன்னத எழுதாத. திருப்பிக் கேளு."

திருப்பிக் கேட்டேன். "மதர் எக்ஸ்பெக்டிங் யூ ஃப்ரைடே." அம்மா வெள்ளிக்கிழமை உன்னை எதிர்பார்க்கிறாள். 'ஐ' என்ற எழுத்துக்கு இரண்டு புள்ளி, 'ஈ'க்கு ஒன்று. அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஒரு புள்ளியில அந்தம்மாவக் கொன்னுட்ட பாத்தியா" என்று சொல்லிவிட்டு அவர் இடத்துக்குப் போனார். பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் கேட்க ஆரம்பித்தேன்.

கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, எல்லோரும் ஒரே எழுத்தை அனுப்பினாலும் ஒரே மாதிரி அனுப்புவதில்லை. அதை நாங்கள் 'கை' என்போம். "இது யார் கை?" என்று கேட்டுக்கொள்வோம். திட்டக்குடியில் இருந்தவர் கோடுகளை நீட்டி நீட்டி அனுப்புவார், வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி. இன்னோர் ஊரில் ஒருவர் எண்கள் வந்தால் மட்டும் விழுந்தடித்து ஓடுவார். சேத்தியாத்தோப்பில் சிக்னலர் கலியபெருமாள். அவருடைய கை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூன்று புள்ளி சேர்ந்து வரும்போது நடுப்புள்ளியை மட்டும் தொட்டும் தொடாமலும் விடுவார். பாண்டி ஆடுகிற பெண்பிள்ளைகள் நடுக்கட்டத்தை லேசாக மிதித்துத் தாண்டுவார்களே, அது போல. எல்லாம் முடிந்த பிறகு சும்மா இரண்டு புள்ளி தட்டுவார். விதிப்படி அது தேவையில்லை. எனக்கு அது "போயிட்டு வரேன்" என்று கேட்கும்.

கை தெரிவதில் வேடிக்கையும் உண்டு. ஒருநாள் மத்தியானம் ஓர் ஆபீசிலிருந்து தந்தி வந்துகொண்டிருந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர் பேரன் பேத்தி எடுத்துவிட்டார். கடைசியில் வழக்கமான முதலெழுத்துகள் 'எஸ்.என்.' என்று வந்தன. நான் மாஸ்டரிடம், "சார், பேரு எஸ்.என். கை அவர் கை இல்ல" என்றேன்.

மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். கம்பியில் நாங்கள் பேசுவதெல்லாம் அரைகுறை இங்கிலீஷ். இங்கே நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"யார் அங்கே?" என்று தட்டினார்.

"எஸ்.என்."

"எஸ்.என். கை எனக்குத் தெரியும். எஸ்.என். எங்கே?"

ஆறு ஊரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"மேட்னி."

எஸ்.என்.னின் மச்சான் தந்திப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவன். அவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இவர் சினிமாவுக்குப் போய்விட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மாஸ்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இடைவேளைக்குள் வந்துவிடச் சொல்" என்று தட்டினார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருப்பார்கள் போல. முக்கால் மணி நேரத்தில் எஸ்.என்.னின் சொந்தக் கை கம்பியில் வந்தது, மூச்சு வாங்குகிற மாதிரி. மாஸ்டர் மேலிடத்துக்கு ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அடுத்த ஒரு மாதம், தினமும் காலையில் அந்த ஊரோடு கம்பியைச் சரிபார்க்கும்போது, "மீதிப் படம் பார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார். திட்டக்குடிக்காரர் கம்பியிலேயே சிரிப்பார். கீயைப் படபடவென்று அர்த்தமில்லாமல் தட்டினால் எங்களுக்கு அது சிரிப்பு.

இனி கலியபெருமாள் விஷயத்துக்கு வருகிறேன்.

அவரை நான் பார்த்ததே இல்லை. சேத்தியாத்தோப்பு ஒன்றும் தூரமில்லை, பஸ்ஸில் போய்வரலாம். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே நேர வேலை, ஒரே நாள் லீவு. நான்கு வருஷம் கம்பியில்தான் பழக்கம். தந்தி இல்லாத சமயம், "மழையா?" "ஆமா, வெள்ளாத்துல தண்ணி வருது" என்று இரண்டு வார்த்தை பேசுவோம். என் கல்யாணத்துக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினார். வாழ்த்துகளுக்கெல்லாம் எண் உண்டு; எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். அவர் முழு வாக்கியத்தையும் எழுத்தெழுத்தாக, நடுப்புள்ளி துள்ளத் துள்ள அனுப்பினார். அதை நானே எழுதிக்கொண்டு, நானே கவரில் போட்டு, ராமலிங்கத்திடம் கொடுத்து, என் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

ஒரு திங்கட்கிழமை, தந்தி முடிந்ததும் அந்த இரண்டு புள்ளி வரவில்லை. என்மேல் கோபமோ என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அதோடு நடுப்புள்ளி கனத்துப்போய்விட்டது. மூன்று புள்ளியும் ஒரே பாரமாக விழுந்தன. புதன்கிழமை மூன்று புள்ளி வர வேண்டிய இடத்தில் நான்கு வந்தது, உடனே திருத்தினார். நான்கு வருஷத்தில் அவர் திருத்தி நான் கேட்டதில்லை.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"தலைவலி. வேற ஒண்ணுமில்ல."

"எத்தனை நாளா?"

"பத்து நாள் இருக்கும். முன்ன ஒருதரம் சைக்கிள்ல இருந்து விழுந்து தலையில லேசா அடி. அதுல வந்ததா இருக்கும். தைலம் தடவுறேன்."

அன்று வீட்டுக்குப் போயும் என் காதில் அந்தக் கைதான். என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கு ஒரு செராமிக் கம்பெனியில் வேலை. சூளையிலிருந்து வெளியே வந்த கப்பு, ஜாடி, கரண்டுக் கம்பத்துப் பீங்கான் எல்லாவற்றையும் ஒரு மரக்குச்சியால் தட்டித் தட்டிப் பிரித்துப் போடுவார். நல்லது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். அவரிடம் சொன்னேன்.

"சேத்தியாத்தோப்புக்காரர் கை மாறிப்போச்சுங்க. எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்குது. ஆனா அவர் இல்ல அது."

"எப்படி மாறிச்சு?"

நான் அம்மிக்கல்மேல் விரலால் தட்டிக் காட்டினேன். முதலில் பழைய கை. பிறகு புதுக் கை.

அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். "கணீர்னு வர்ற கப்பு ஒரு நா டொக்குனு வந்தா, உள்ள வெடிச்சிருக்குதுன்னு அர்த்தம். மேல கோடு தெரியாது. நான் என்னா பண்ணுவேன் தெரியுமா? தெரியுற வரைக்கும் வச்சுக்கிட்டு இருக்க மாட்டேன். நாளைக்குப் போயி உன் மாஸ்டர்கிட்ட சொல்லு."

வியாழக்கிழமை காலை, கை மாறியதையும் சைக்கிளிலிருந்து விழுந்ததையும் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் "உம்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு தந்தி வந்தது. நான் எழுதினேன், அவர் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறக்காமல், "வி அனுப்பச் சொல்லு" என்றார்.

கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்க்க 'வி' என்ற எழுத்தைத் தொடர்ந்து அனுப்பச் சொல்வது வழக்கம். மூன்று புள்ளி, ஒரு கோடு. கலியபெருமாள் அனுப்ப ஆரம்பித்தார். முதல் பத்து சரியாக இருந்தன. பிறகு புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்தன. கோடு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஈரத்துணியில் தட்டுகிற மாதிரி இருந்தது.

மாஸ்டர் எழுந்து என் இடத்தில் உட்கார்ந்து, தானே தட்டினார். "இடது கையால் அனுப்பு."

"சார்?"

"இடது கை. வி."

கொஞ்சம் தாமதம். பிறகு வந்தது. பழக்கமில்லாத கை, மெதுவாக, குழந்தை எழுதுவது போல. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக, சுத்தமாக இருந்தது. அந்த இடது கையிலும் நடுப்புள்ளி லேசாகத் தாண்டியது. நான்கு நாளாக நான் தேடிக்கொண்டிருந்த கலியபெருமாள் அவருடைய இடது கையில் இருந்தார்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "கம்பில கோளாறு இல்லம்மா. வலது கை மட்டும்தான் தளருது. தலையில அடிபட்டவன்." அவருடைய அப்பா தலையில் அடிபட்டு, கொஞ்ச நாள் நன்றாக இருந்து, பிறகு ஒரு பக்கம் விழுந்து இறந்துபோனவர் என்று அன்றுதான் சொன்னார்.

சேத்தியாத்தோப்புக்கு ட்ரங்க் கால் போட்டோம். அன்று டெலிபோன் லைன் கிடைக்கவில்லை. கலியபெருமாளிடமே சொல்லலாம் என்றால் அவர் கேட்கிற ஆள் இல்லை. "ஒண்ணுமில்ல சார், தலைவலி" என்பார். அந்த ஊர் போஸ்ட் மாஸ்டருக்குச் சொல்ல வேண்டும். அவருக்குத் தந்தி பாஷை தெரியாது. அங்கே தெரிந்த ஒரே ஆள் கலியபெருமாள்தான்.

மாஸ்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒரு தந்திப் பாரத்தை இழுத்து எழுதினார். பெறுநர், போஸ்ட் மாஸ்டர், சேத்தியாத்தோப்பு. அவசரம்.

"நான் அனுப்புறேன் சார். நான்தானே முதல்ல சொன்னேன்" என்றேன்.

"தப்பா இருந்தா விளக்கம் கேப்பாங்க. என் பேருல போகட்டும்." தட்ட ஆரம்பித்தார்.

"உங்கள் சிக்னலர் கலியபெருமாள்" என்று போனதும் அந்தப் பக்கத்திலிருந்து குறுக்கிட்டார். "சார், என்ன விளையாட்டு இது?"

"தந்தி. எழுது."

"என்னப் பத்தி நானே எழுதணுமா?"

"வந்தத எழுதுறதுதான் உன் வேலை. எழுது."

மாஸ்டர் மறுபடி ஆரம்பித்தார், ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் நிறைய இடம் விட்டு. "உங்கள் சிக்னலர் கலியபெருமாளின் வலது கை செயலிழந்துவருகிறது. தலையில் அடிபட்டவர். தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவும். தனியாக அனுப்ப வேண்டாம்." கடைசியில் தன் முதலெழுத்துகளைத் தட்டினார்.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியில் இருந்த ஒரு ஊரும் கீயைத் தொடவில்லை. கடைசியில் இடது கையால், மெதுவாக, 'ஆர்' என்று வந்தது. பிறகு 'கே.பி.' வார்த்தைகளை எண்ணிச் சரிபார்த்திருக்கிறார் மனிதர்!

அப்புறம் நடந்ததைப் பின்னால் அந்த போஸ்ட் மாஸ்டரே எங்களுக்குச் சொன்னார். கலியபெருமாள் எழுந்து வந்து, பாரத்தை அவர் மேஜையில் வைத்து, "சார், உங்களுக்கு ஒரு தந்தி. என்னப் பத்தி என்னமோ எழுதியிருக்காங்க" என்று சிரித்தாராம். சிரிப்பு வாயின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் வந்ததாம். பாரத்தைப் பார்த்தால், எழுத்து கோட்டை விட்டு இறங்கி இறங்கிக் கடைசி வரி காகிதத்துக்கு வெளியே போயிருந்ததாம். தந்தியில் எழுதியிருந்ததைப் படித்து முடிக்கும் முன்பே போஸ்ட் மாஸ்டர் எழுந்துவிட்டார். வாசலில் தபால் தலை வாங்க வந்த ஒரு நெல் வியாபாரியின் கார் நின்றது. அதிலேயே ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போய், அங்கே பார்த்துவிட்டு உடனே புதுச்சேரிக்கு அனுப்பினார்கள்.

இதெல்லாம் எங்களுக்கு அன்று தெரியாது. சேத்தியாத்தோப்பைக் கூப்பிட்டால் பதில் இல்லை. மாஸ்டர் சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குப் போகவில்லை. சுத்தமாக இருந்த கீயை மறுபடி காகிதம் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் பதினொரு மணிக்கு கலியபெருமாளுக்குப் பதிலாக ரிலீவர் பையன் ஒருவன் வந்து சேத்தியாத்தோப்பில் உட்கார்ந்தான். அவன் அனுப்பிய முதல் செய்தி எங்களுக்குத்தான். "மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. ஆபரேஷன் முடிந்தது. பேசுகிறார். இரண்டு நாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றாராம் டாக்டர்."

நான் அதை எழுதி மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு ராமலிங்கத்தைக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வா. போண்டாவும்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. ராமலிங்கம் "எத்தன போண்டா சார்?" என்று கேட்டான். "தட்டோட தூக்கிட்டு வாடா" என்றார்.

மூன்று மாதம் ஆயிற்று. ஒரு காலையில் சேத்தியாத்தோப்பு எங்களைக் கூப்பிட்டது. அந்த ஊரின் குறியிலேயே மூன்று புள்ளி வரும். நடுப்புள்ளி துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தது. சாதாரணத் தந்திதான், உர மூட்டை எப்போது வரும் என்று யாரோ யாரையோ கேட்டது. என்னால் எழுத முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து தந்திப் பாரம் மங்கிவிட்டது. மறுபடி அனுப்பும்படி கேட்டேன்.

மாஸ்டர் முதுகைத் திருப்பாமலே, "காதுக்கு என்னாச்சு?" என்றார்.

"காதுக்கு ஒண்ணுமில்ல சார். கண்ணுதான்."

கலியபெருமாள் திருப்பி அனுப்பினார். முடித்தார். இரண்டு புள்ளி தட்டினார். உடனே திட்டக்குடிக்காரர் கீயைப் படபடவென்று தட்டிச் சிரித்தார். அவரைத் தொடர்ந்து மற்ற ஊர்களும். இரண்டு நிமிஷம் எங்கள் கம்பி முழுக்க ஒரே கலகலப்பு. மேலதிகாரி யாராவது கேட்டிருந்தால் ஆறு ஊருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்.

மாசி மகத்துக்குக் குடும்பத்தோடு வருவதாகவும், மணிமுத்தாற்றில் குளித்துக் கோயிலுக்குப் போய்விட்டு ஆபீசுக்கு வருவதாகவும் சொன்னார். அன்று ஊரே ஜனத்தில் மிதந்தது. பொறுக்க முடியாமல் நானே வாசலுக்குப் போய் நின்றேன். மாஸ்டர் எப்போதோ சொல்லியிருந்தார், கை எப்படியோ கால் அப்படி என்று. அதனால் கூட்டத்தில் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உயரமாக, மீசை வைத்த ஒருவர் லேசாகத் துள்ளித் துள்ளி வந்தார். மூன்று எட்டில் நடு எட்டு லேசு. சந்தேகமே இல்லை. நாலு எட்டில் ஓடிப்போய், "கலியபெருமாள் அண்ணே!" என்றேன்.

"நான் வளையல் யாவாரிம்மா. கால்ல முள்ளு குத்திப்போச்சு" என்றார் அவர்.

பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். திரும்பினேன். குள்ளமாக, பருமனாக ஒருவர். மொட்டையில் முடி குட்டை குட்டையாக முளைத்திருந்தது. பக்கத்தில் மஞ்சள் பையோடு ஒரு அம்மா.

"தங்கச்சி, நான் இங்க இருக்கேன்" என்றார்.

"என்ன எப்படிண்ணே அடையாளம் தெரிஞ்சுது?"

"நாலு எட்டு ஓடுறது, அப்பறம் நின்னு யோசிக்கிறது. கீயிலயும் அப்படித்தானே நீங்க!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே அழைத்துக்கொண்டு போனேன். மாஸ்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார், வாசலைப் பார்த்து. கலியபெருமாள் அவர் காலைத் தொட்டுக் கும்பிடப் போனார். மாஸ்டர் அந்த வலது கையைப் பிடித்துத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். "உம்" என்றார். கலியபெருமாளின் மனைவி தையல்நாயகி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தந்தின்னா சாவுன்னு பயந்து கெடந்தோம் தங்கச்சி. எங்களுக்கு மட்டும் உசுரு வந்துச்சு" என்றார். மஞ்சள் பையிலிருந்து அதிரசத்தை எடுத்து எல்லோர் கையிலும் வைத்தார்.

"அண்ணே, நான் நின்னு யோசிக்கிறேன்னு சொன்னீங்களே, அது என்ன?" என்று கேட்டேன்.

மூலையில் பழகுவதற்காக ஒரு கீயும் சவுண்டரும் தனியாக இருக்கும், கம்பியோடு சேராதது. கலியபெருமாள் அதன் முன் உட்கார்ந்தார். "இது யாரு, சொல்லுங்க" என்று தட்டினார். பெயர்கள் வந்தால் பாய்ச்சலாக ஓடுகிற ஒரு கை. எண்ணுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கை. நான் யோசித்தேன். திட்டக்குடியா? எஸ்.என்.னா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் அறை முழுக்கச் சிரித்தது. தந்தி பாஷையில் ஒரு எழுத்துகூடத் தெரியாத ராமலிங்கம் கதவோரத்திலிருந்து, "இது நம்ம புஷ்பம் அக்கா இல்ல?" என்றான்.

"நானா? நான் இப்படியா அனுப்புறேன்?"

"இன்னொண்ணும் இருக்குது" என்றார் கலியபெருமாள். ஒரு சாவுத் தந்தியை அனுப்பிக் காட்டினார். கடைசி வார்த்தை முடிந்ததும் கையைக் கீயிலிருந்து எடுத்து, இரண்டு மூச்சு சும்மா இருந்தார். பிறகுதான் முதலெழுத்துகளைத் தட்டினார். "நீங்க ஒவ்வொரு தடவையும் இப்படி நிப்பீங்க தங்கச்சி. நீங்க ஆரம்பிக்கிற வரைக்கும் நாங்களும் யாரும் கீயத் தொட மாட்டோம்."

நான் அப்படி நிற்பது எனக்குத் தெரியாது. மாஸ்டரைப் பார்த்தேன். அவர் அதிரசத்தைக் கடித்தபடி தலையை ஆட்டினார், இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பது போல.

அப்போது சேத்தியாத்தோப்புக்கு ஒரு தந்தி அனுப்ப வேண்டியிருந்தது. அங்கே கலியபெருமாளுக்குப் பதிலாக அந்த ரிலீவர் பையன் இருந்தான். நான் உட்கார்ந்து கீயைப் பிடித்தேன். அத்தனை பேரும் என் பின்னால். முதல்முறையாக என் கையை நானே கேட்டுக்கொண்டு தட்டினேன். பெயர் வந்தது, பாய்ந்து ஓடக் கூடாது என்று மெதுவாகப் போனேன். எண் வந்தது, நிற்கக் கூடாது என்று விழுந்தடித்தேன். நான்கு புள்ளிக்கு ஐந்து விழுந்தது. திருத்தினேன். திருத்தியதிலும் தப்பு வந்தது. ஒருவழியாக முடித்து 'எம்.பி.' என்று தட்டினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து பையன் ரொம்ப மரியாதையாகக் கேட்டான். "விருத்தாசலத்துல இன்னைக்குப் புதுசா யாரு?"

மாஸ்டர் சிரித்தார். சத்தமாக, தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் தட்ட முடியவில்லை. கலியபெருமாள் என் தோளுக்கு மேலே கையை நீட்டி, வலது கையால், கீயைப் பிடித்தார். "புதுசு இல்ல" என்று தட்ட ஆரம்பித்தார். இரண்டு வார்த்தை முடிவதற்குள் பையன் குறுக்கே பாய்ந்தான்.

"அண்ணே! லீவு போட்டுட்டு அங்க உக்காந்து என்ன பண்றீங்க?"